ஆலை உள்ள ஊரில் இலுப்பைப் பூ

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப் பூச் சர்க்கரை" என்பது தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சிறந்ததொன்று கிடையாதவிடத்துக் கிடைத்ததைக் கொண்டு மனநிறைவு எய்துவோரைச் சுட்டி இதனைக் கூறுவர். கற்றோர் இல்லாத அவையில் அரைகுறையாகக் கற்றவன் ஒருவன் தலைமை தாங்கினால், அருகிருப்போர் இப்பழமொழியைத் தமக்குள் முணுமுணுத்து நகைப்பர். அவ்வாறு நகைக்குங்கால் அவர்கள் தம்மை அறியாமலே ஒரு பூவின்மீது பழி சுமத்துகின்றனர். ஆலைச் சர்க்கரை உயர்ந்தது, இலுப்பைப் பூத் தாழ்ந்தது என்னும் தீர்ப்பு அச்சிறு தொடருக்குள் அடங்கிக் கிடக்கின்றது. அத்தீர்ப்பு நேரியதுதானா என்பது ஆராயத்தக்கது.

அதனை ஆராய்தற்கு எறையூரினும் ஏற்ற இடம் கிடைத்தல் அரிது. எறையூர், பெரம்பலூர் மாவட்டத்து ஊர்களுள் ஒன்று. மேற்றிசையிற் பச்சைமலை நீண்டு கிடக்கும் இவ்வட்டாரத்தில் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் கரும்பும் விளைகின்றன. 1970-களின் பிற்பகுதியில் அரசு இங்கே ஒரு சர்க்கரை ஆலையை நிறுவியது. பெரம்பலூர்ச் சர்க்கரை ஆலை என்று பெயர் பெற்றிருப்பினும் அஃது அமைந்த இடம் எறையூரே. பழமொழி தோன்றிய காலத்து ஆலை வேறு. காளைகள் சுற்றிவர, உருளைகளுக்கிடையே கரும்பை நெரித்துச் சாறு பிழிந்த சிற்றாலை அது. எறையூர் ஆலையோ இயந்திரப் பேராலை. எனவே, 'ஆலை இல்லா ஊர்' என்னும் குறை எறையூருக்கு ஒருவாற்றானும் இல்லை. அங்ஙனமாயின், ஆலை உள்ள ஊரில் இலுப்பைப் பூவுக்கு என்ன வேலை? பழமொழியின்படி ஒரு வேலையும் இல்லை. பூவை உற்று நோக்கியவர்களைக் கேட்டால் விடை வேறாக வரும்.

இலுப்பை ஓங்கி வளர்ந்து பரந்து நிழல்தரும் மரம். மாசித் திங்களை ஒட்டித் தன் பழைய இலைகளை உதிர்த்துப் பின்னர்ப் பூக்கத் தொடங்கும். கிளைகளின் நுனியிற் பூக்கள் கொத்துக் கொத்தாகத் தலைகவிழ்ந்து தொங்கும். புறவிதழ் துருவின் நிறமுடையது. தொட்டால் வெல்வெட்டுத் துணியைத் தொடுவது போன்றிருக்கும். அகவிதழ் வெண்ணெய் நிறத்தது, சதைப்பற்றுடையது, சிறு மணியென உருண்டு திரண்டது. இரவில் வௌவால்கள் இப்பூவை நாடி வந்து மொய்க்கும். விடியற்காலையில் அகவிதழ்கள் தாமே கழன்று நிலத்தில் உதிரும். ஆதலின் இப்பூவைப் பறிக்க மரமேற வேண்டுவதில்லை. கிளையை ஒடிக்க வேண்டுவதில்லை. மரத்தடியை முதல்நாள் மாலையிற் பெருக்கி வைத்தாற் போதும். அல்லது ஒரு பழந்துணியை விரித்து வைத்தாலும் போதும். மரம் தானே கொடுப்பதைக் குனிந்து எடுத்துக்கொள்வது ஒன்றே மக்களின் தொழில்.

உலர்த்திய இலுப்பைப் பூவின் எடையிற் பாதிக்குமேல் சர்க்கரையே ஆகும். பழந்தமிழர் இம்மரத்தை இருப்பை என்றனர். உதிர்ந்த இருப்பைப் பூவைக் கரடிகள் விரும்பித் தின்னும் காட்சியை அகநானூற்றுப் புலவர்கள் பாடியிருக்கின்றனர். காட்டு விலங்கும் அறிந்த இனிமை அது. வித்தோ எண்ணெய் தருவது. இலுப்பை எண்ணெய் ஊற்றிய விளக்குகள் எத்தனையோ கோயில்களின் கருவறைகளில் ஒளிவிட்டன. வைத்தீசுவரன் கோயிலுக்கு அணித்தான திருப்பழமண்ணிப்படிக்கரை என்னும் திருத்தலத்திற்கு இலுப்பையே தலமரம். அவ்வூர் இன்று இலுப்பைப்பட்டு என்றே அழைக்கப்பெறுகின்றது. ஒரு மரம் ஊருக்குத் தன் பெயரையே கொடுத்துவிட்டது. இத்தகைய மரத்தின் பூவைத்தான் பழமொழி இரண்டாந்தரம் என்று ஒதுக்குகின்றது!

நடு இந்தியாவில் இதன் நெருங்கிய இனத்தை 'மகுவா' என்பர். அங்குள்ள பழங்குடி மக்கள் அதன் பூவை உலர்த்திச் சேமித்து, உணவு அரிதாகும் திங்களில் உண்டு உயிர் காத்தனர். அதிலிருந்து மதுவும் வடித்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில், பம்பாய் மாகாணத்தில் 1892-ஆம் ஆண்டில் இப்பூவுக்கென்றே தனிச்சட்டம் ஒன்று இயற்றப்பெற்றது. கள்ளத்தனமாக மது வடித்தலைத் தடுத்து அரசின் வரி வருவாயைக் காப்பதே அதன் நோக்கம். மரத்திலிருந்து தானே உதிர்வதைப் பொறுக்குவதும் வைத்திருப்பதும் கட்டுப்பாட்டுக்கு உள்ளாயின. மது தீயது என்பதில் ஐயமில்லை. ஆயினும், பசித்தவன் உணவாகக் கொண்ட பூவுக்கு வேலியிட்டது நேர்மையெனக் கூற இயலாது. ஓர் அரசாங்கமே அஞ்சிச் சட்டமியற்றும் அளவுக்கு ஆற்றல் வாய்ந்தது அப்பூ. சர்க்கரை கிடைக்காதவன் மனத்தைத் தேற்றிக்கொள்ளும் போலிப் பொருளாயின் அதற்குச் சட்டம் எதற்கு?

இலுப்பைப் பூவைப் பாகாக்கும் முறை கடினமானதன்று. விடியலிற் பொறுக்கிய பூக்களை மண் போக அலசி, உள்ளிருக்கும் மகரந்தத் தாள்களை விரலால் நீக்கவேண்டும். பின்னர் நீரில் வேகவைத்து, மெல்லிய துணியில் வடிகட்டி, வடிநீரைச் சிறுதீயிற் சுண்டக் காய்ச்சினால் பழுப்பு நிறமுள்ள பாகு கிடைக்கும். ஒரு துளி சர்க்கரையும் சேர்க்க வேண்டுவதில்லை. அதன் மணம் எல்லார்க்கும் முதற்கண் பிடிக்கும் என்று சொல்வதற்கில்லை, சிலர் முகஞ்சுளிப்பர். கருப்பட்டியையும் முதன்முறை சுவைப்போர் அவ்வாறுதான் செய்கின்றனர். இதில் தவறாது கருத வேண்டுவது காலம். ஈரமான பூக்களைக் குவியலாக விட்டுவைத்தால் அவை விரைவில் நொதித்துப் புளித்துவிடும். பொறுக்கிய அன்றே காய்ச்சுதல் வேண்டும்; இயலாதாயின் வெயிலில் நன்கு உலர்த்திவிடுதல் வேண்டும்.

இலுப்பை தனக்கு வேண்டிய இனிமையைத் தானே கொண்டுள்ளது. ஆவாரை அவ்வாறன்று. பெரம்பலூர், அரியலூர் வட்டாரங்களின் மேட்டு நிலங்களிலும் சாலையோரங்களிலும் பொன்னைக் கொட்டியதுபோற் பூத்து நிற்கும் செடி ஆவாரை. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்னும் பழமொழி அதன் மருத்துவப் பெருமையைச் சற்று மிகைப்படுத்திக் கூறுவது. பூத்திருக்கும் ஊரிலும் மக்கள் இறக்கத்தான் செய்கின்றனர். நோயுற்றோர் மருத்துவரை நாடாது ஆவாரையை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அஃது எவ்வாறாயினும், அதன் இதழைச் சமைத்து உண்பதும், உலர்த்தி நீரிலிட்டுக் காய்ச்சிப் பருகுவதும் தமிழ்நாட்டில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். கொங்கு நாட்டார் பொங்கலை ஒட்டி வேப்பிலை, பூளைப்பூ இவற்றொடு ஆவாரம்பூவையும் சேர்த்துக் காப்புக் கட்டுவர். அதன் பட்டை தோல் பதனிடப் பயன்பட்டது. 2022-ஆம் ஆண்டில் எறையூரில் தொழிற்பூங்கா திறக்கப்பெற்றுக் காலணித் தொழிலுக்கு இடம் வகுக்கப்பட்டது. ஒரு காலத்திற் காலணிக்கான தோலைப் பதமாக்கிய செடி அவ்வூர்ப்புறத்துத் தரிசில் தானே முளைப்பது எத்துணைப் பேர் நினைவுக்கு வந்திருக்கும்?

இந்த ஆவாரம்பூவைக் கொண்டு நல்ல சர்பத்துச் செய்யலாம். அதற்கு வேண்டிய சர்க்கரை எறையூருக்குப் பஞ்சமில்லை. காலையில் வெயில் ஏறுமுன் அன்றலர்ந்த பூக்களைக் கொய்து, சிறிது நேரம் பரப்பி வைத்தால் உள்ளிருக்கும் எறும்பும் பூச்சியும் அகன்றுவிடும். காம்பையும் புறவிதழையும் களைந்து இதழ்களை மட்டும் எடுத்து அலசவேண்டும். நீர் ஒரு பங்கு, சர்க்கரை இரு பங்கு என்னும் அளவிற் பாகு காய்ச்சி இறக்கி, சூடு ஆறுமுன் இதழ்களை அதிலிட்டு மூடிவிட வேண்டும். ஓரிரவு ஊறியபின் வடிகட்டி, எலுமிச்சைச் சாறு பிழிந்து, உலர்ந்த புட்டியில் ஊற்றி வைக்கலாம். பருகுங்கால் இரண்டு கரண்டிப் பாகுக்கு ஒரு குவளைக் குளிர்ந்த நீர் போதும். பாகு ஏன் அவ்வளவு கெட்டியாக இருக்கவேண்டும் என்று சிலர் வினவுவர். சர்க்கரை மிகுந்த பாகில் விழும் நுண்ணுயிர்கள் தம் உடலிலுள்ள நீரை இழந்து வளரமாட்டாமற் போகின்றன. எலுமிச்சையின் புளிப்பு அதற்குத் துணை நிற்கின்றது. நன்னாரி வேரைக் கொண்டு சர்பத்துச் செய்வோர் இவ்வுண்மையை ஏட்டிற் படிக்காமலே கையால் அறிந்திருக்கின்றனர்.

இவ்வாறு காட்டுப் பூவைப் பாகில் ஊறவைத்துப் பருகுதல் தமிழர்க்கு மட்டும் உரிய வழக்கமன்று. இங்கிலாந்தின் வேலியோரங்களில் 'எல்டர்' என்னும் குறுமரம் தானே வளரும். மே இறுதியிலும் ஜூன் திங்களிலும் அது குடைபோல் விரிந்த வெண்பூங்கொத்துகளைத் தாங்கி நிற்கும். சிற்றூர் மக்கள் அக்கொத்துகளைப் பறித்து, எலுமிச்சைத் துண்டுகளோடு சர்க்கரைப் பாகில் ஓரிரு நாள் ஊறவைத்து வடிகட்டி, கோடைக்குரிய குளிர்பானமாகப் பருகுவர். அம்மரத்தின் இலையிலும் தண்டிலும் நச்சுப்பொருள் உண்டு. அதனால் பருமனான காம்புகளைக் களைந்துவிட்டே பூவை எடுப்பர். முன்பு பாட்டிமார் அடுக்களையில் மட்டும் இருந்த அப்பானம், 1980-களுக்குப் பின் அங்கே பெருந்தொழிலாக வளர்ந்துவிட்டது. ஆலைச் சர்க்கரை அந்நாட்டில் நிறைந்து கிடக்கின்றது. ஆனால், சர்க்கரை கிடைத்துவிட்டது என்பதற்காக அவர்கள் தம் வேலிப்பூவைக் கைவிடவில்லை. அச்சர்க்கரையையே பூவின் மணத்தைத் தாங்கும் கலமாக ஆக்கிக்கொண்டனர். எறையூரார் கருதத்தக்க செய்தி இது. ஆலைக்கும் பூவுக்கும் பகையில்லை. பகையிருப்பதாகச் சொன்னது பழமொழி ஒன்றே.

இனி, வேறொரு பயனும் உண்டு. நாவின் பயனினும் அது பெரிது. பூவை வாங்கிச் சூடுவோர் அதனை ஒரு கணம் பார்க்கின்றனர். சர்பத்துக்காக இதழ் ஆய்பவரோ ஒரு நாழிகை பார்க்கின்றனர். விரல்நுனியில் ஒவ்வொரு பூவும் ஒருமுறை நின்றுதான் கடந்து செல்லும். ஆவாரையின் ஐந்து இதழ்களும் ஒரே அளவின அல்ல என்பதும், ஓரங்கள் நெளிந்து சுருங்கியிருப்பதும், மஞ்சள் இதழில் நரம்புகள் பின்னி ஓடுவதும் அப்போதுதான் புலனாகும். பத்து மகரந்தத் தாள்களுட் சில குறுகியும் சில பருத்து நீண்டு வளைந்தும் இருக்கும். இப்பூவில் தேன் இல்லை என்பது வியப்புக்குரிய செய்தி. ஆயினும் வண்டுகள் வருகின்றன. தாளைப் பற்றிக்கொண்டு சிறகுத் தசையை அதிர்த்து, நுண்துளை வழியே மகரந்தத்தை உதிரச்செய்து எடுத்துச் செல்கின்றன. இலைக்காம்பின் அடியிற் காதுமடல் போன்ற இரு செதில்கள் உண்டு. 1753-ஆம் ஆண்டில் இச்செடிக்கு இலத்தீன் மொழியிற் பெயர் சூட்டிய லின்னேயசு என்னும் அறிஞர், 'காதுடையது' என்று பொருள்படும் சொல்லையே தேர்ந்தெடுத்தார். தமிழ்நாட்டில் நாள்தோறும் அச்செடியைக் கடந்து பள்ளிக்குச் செல்லும் மாணவருள் அக்காதைக் கண்டவர் எத்துணைப் பேர்?

இங்ஙனம் உற்று நோக்குதலே கைவினைக்கெல்லாம் தாய். பழந்தமிழ்ப் புலவர்கள் அவ்வாறு நோக்கியவர்கள். கபிலர் தாம் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயர்களை அடுக்கிச் சொல்கின்றார். ஆவிரை என்னும் பெயரால் ஆவாரையும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளது. தமிழர் தம் நிலங்களுக்குப் பூவின் பெயரையே வைத்தனர். போர்த்துறைகளுக்கும் அவ்வாறே வைத்தனர். நேருக்கு நேர் நின்று பொருதலைக் குறிக்கும் தும்பை, வயல்வரப்பில் யாரும் பொருட்படுத்தாமல் மிதித்துச் செல்லும் சிறு செடியே. வென்றவர் சூடிய வாகையும் தோட்டத்துப் பூவன்று.

அந்த வாகை மரம் இன்றும் பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்பியர் கையில் உருப்பெறுகின்றது. எறையூர் இருக்கும் அதே மாவட்டத்தில், பச்சைமலைச் சாரலில் அரும்பாவூர் என்னும் ஊர் உள்ளது. மரச்சிற்பத்திற்குப் பெயர் பெற்றது அவ்வூர். வாகை, மா, வேம்பு முதலிய மரங்களிலிருந்து தெய்வத் திருவுருவங்களையும் கோயில் ஊர்திகளையும் கதவுகளையும் அங்குள்ள சிற்பியர் செதுக்குகின்றனர். 2020-ஆம் ஆண்டில் அரும்பாவூர் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பெற்றது. பிறவூரார் அப்பெயரைத் தம் சரக்குக்கு இட்டு விற்றல் இனிக் குற்றமாகும். திருவுருவின் அடியில் தாமரைப் பீடம், கதவின் சட்டத்திற் பூங்கொடி, வாயில் நிலையிற் பூவரிசை என அவர்தம் உளிக்குப் பூ இன்றியமையாதது. சிற்பநூல் வகுத்த அளவுகளை மீறாது செதுக்குதல் திருவுருவத்திற்குரிய முறை. அதனை மாற்றுமாறு சொல்வார் அறியாதார். ஆனால், பெட்டி, சட்டம், பலகை முதலிய இல்லப் பொருள்களுக்கு அத்தகைய கட்டுப்பாடு இல்லை. அவற்றில் அச்சுப் புத்தகத்திலிருந்து படியெடுத்த அயல்நாட்டு ரோசாவையும் திராட்சைக் கொடியையும் செதுக்குவதினும், தலைகவிழ்ந்த இலுப்பைக் கொத்தையும் ஆவாரையின் நெளிந்த இதழையும் செதுக்குதல் மேலானது. துரு நிறப் புறவிதழும் வெண்ணெய் நிற மணியுமாகத் திரண்டு நிற்கும் இலுப்பைக் கொத்து, மரத்திற் புடைத்தெழச் செதுக்குதற்கென்றே படைக்கப்பட்டது போன்ற வடிவுடையது.

முன்னோர் இதனைச் செய்து காட்டாமல் விடவில்லை. அண்டை மாவட்டமாகிய அரியலூரில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கின்றது. 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திர சோழன் எடுப்பித்த பெருங்கோயில் அங்கே நிலைபெற்றுள்ளது. அக்கோயிலின் வடபால் வாயிலருகே சண்டேசருக்கு அருள்புரியும் சிவபெருமானின் சிற்பம் ஒன்று உண்டு. உமையம்மையுடன் அமர்ந்த பெருமான், கீழே கைகூப்பி அமர்ந்த தொண்டரின் தலையில் பூமாலையைச் சுற்றுகின்றார். சிவபெருமானுக்கு உரிய பூ கொன்றை என்பது மரபு. அதுவும் காட்டில் தானே பூக்கும் மரமே. அரசன் ஒருவன் தன் தலைநகரிற் கட்டிய கோயிலில், முடிசூட்டுவது போன்ற அவ்வருட்காட்சியில் தொண்டன் தலையில் ஏறியது பொன்முடியன்று, பூ. கல்லிலே அம்மாலையின் வளைவைக் கண்டு நின்றவர்கள், உளி பிடித்தவன் பூத்தொடுக்கும் கையை அருகிருந்து பார்த்தவனாக இருக்கவேண்டும் என்பதை உணர்வர்.

பிற நாட்டுக் கைவினைஞரும் இவ்வழியே சென்றனர். இங்கிலாந்தில் வில்லியம் மாரிசு (1834–1896) என்பவர், இயந்திரங்கள் மலிந்து அழகற்ற பொருள்களைக் குவித்த காலத்தில், புல்வெளியிலும் ஆற்றங்கரையிலும் கண்ட செடிகளைச் சுவர்த்தாள்களிலும் துணிகளிலும் கோலமாக வரைந்தார். 1864-இல் வெளிவந்த அவருடைய 'டெய்சி' சிறு பூஞ்செடிகளைக் கொண்டது. 1887-இல் வெளிவந்தது ஓர் ஆற்றங்கரை மரத்தின் கிளையும் இலையும் மட்டுமே. அவை இன்றும் அச்சிடப்பெற்று விற்பனையாகின்றன. வங்காளத்தில் 1919-ஆம் ஆண்டு சாந்திநிகேதனத்தில் தோன்றிய கலாபவனத்தில், ஓவியர் நந்தலால் போசு மாணவரைச் செடிகொடிகளின் முன் அமரச்செய்து நேரிற் கண்டு வரையப் பழக்கினார். தமிழ்நாட்டிலோ வாயிலிற் கோலமிடும் பெண்டிர் அனைவரும் இக்கலையில் ஒருவகையிற் புலமை உடையவரே. மார்கழியிற் கோலத்தின் நடுவே சாணத்திற் பூசணிப்பூவைச் செருகி வைப்பவர்களுக்குப் பூவின் வடிவத்தைக் கோட்டில் அமைக்கக் கற்பிக்க வேண்டுவதில்லை.

இவற்றையெல்லாம் கேட்டபின்பும் சிலர் தடை கூறுவர். கடையிற் புட்டியில் அடைத்த பானம் கிடைக்கும்போது விடியலில் எழுந்து பூப்பொறுக்குவானேன் என்பது அவர்கள் வினா. நேரம் மிச்சமாகும் என்பது உண்மையே. மிச்சமான நேரத்தில் என்ன செய்யப்பெறுகின்றது என்பதை அவரவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். மற்றொரு தடை சற்று வலிமையானது. பள்ளிப் பிள்ளைகளைக் காட்டுப் பூக்களைத் தேடுமாறு ஏவினால், நச்சுப் பூவையும் நல்ல பூவென்று கொள்வார்களே என்பர். இவ்வச்சம் தக்கதே. அரளியின் எல்லாப் பகுதியும் நஞ்சு. மஞ்சள் நிறப் பூவுடைய திருவாச்சி அரளியும் அத்தகையதே. ஊமத்தையும் உயிருக்குக் கேடு செய்யும். மஞ்சள் நிறம் ஒன்றையே அடையாளமாகக் கொண்டவன் ஆவாரையையும் அரளியையும் வேறு பிரித்தறிய மாட்டான். அதனாலன்றோ அறிந்தோரிடம் கற்றுக்கொள்ளல் வேண்டும் என்பது! ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்கும் மூதாட்டியரும் இலையை நோக்கி, காம்பை ஒடித்துப் பால் வருகின்றதா என்று பார்த்து, ஒரு நொடியிற் செடியின் பெயரைச் சொல்வர். அவர்களுக்குப் பின் அவ்வறிவு யாரிடம் இருக்கும்? நஞ்சுக்கு அஞ்சிப் பூவையே அறியாதிருந்தால், அஞ்சத்தக்கது எது என்பதையும் அறியாதிருக்க நேரும். பெயர் தெரிந்த ஒருவர் உடனிருந்து காட்டிய பூவையன்றி வேறெதனையும் வாயிலிடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதற்பாடமாகக் கற்பிக்கலாம்.

பறித்தலிலும் ஒரு வரம்பு உண்டு. ஆவாரையை ஒரு செடியில் ஒட்டக் கொய்துவிட்டால் வண்டுக்கு மகரந்தம் இல்லை. செடிக்கு வித்தும் இல்லை. ஒரு செடியிற் கைப்பிடி பறித்து அடுத்த செடிக்குச் செல்வதே முறை. இலுப்பையில் அத்தொல்லை இல்லை. உதிர்ந்த பின்னரே எடுக்கின்றோர் மரத்திற்கு யாதொரு தீங்கும் செய்யார். இலுப்பைக்குக் கேடு வருவது வேறு வழியில். கோயிலில் மின்விளக்கு வந்தபின் இலுப்பை எண்ணெய் தேவையற்றதாயிற்று. எண்ணெய் தேவையற்றதாகவே தோப்பும் பயனற்றதெனக் கருதப்பெற்றது. பயனற்றதெனக் கருதியது கோடரிக்கு இரையாவது உலக இயல்பு. ஆவாரை நிற்கும் நிலத்தையோ பதிவேடுகள் தரிசு என்கின்றன. தரிசு என்று எழுதப்பெற்ற நிலம் எதற்கும் உரியதாக மாற்றப்படலாம். ஆலையும் தொழிற்பூங்காவும் ஊருக்கு வேண்டுவனவே. அவற்றால் வாழ்வு பெறுவோர் பலர். எனினும், ஒரு நிலத்தை வேறொன்றாக மாற்றுமுன் அங்கே பூத்து நின்றவை இன்னின்னவை என்று சொல்லக்கூடிய ஒருவராவது அவ்வூரில் இருத்தல் வேண்டாவா? சொல்ல வல்லவர் இருந்தால், ஆலைச் சுற்றுச்சுவரை ஒட்டியேனும் நான்கு இலுப்பைக் கன்றுகள் நடப்பெறும்.

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு கல்மரம் கிடக்கின்றது. 1940-ஆம் ஆண்டில் நிலநூலறிஞர் எம். எஸ். கிருட்டிணன் அதனை உலகுக்கு அறிவித்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து கல்லாகிப்போன மரம் என்பர். ஊசியிலை வகையைச் சேர்ந்தது அது; அவ்வினம் பூப்பதில்லை. இவ்வட்டாரத்தில் அறியப்பட்ட மிகப் பழைய மரம் பூவாத மரம் என்பதை எண்ணும்போது, ஆண்டுதோறும் பூத்துச் சொரியும் மரம் ஒன்று இன்னும் அருகே நிற்பது எளிய பேறு அன்று.

அடுத்த பங்குனியில் எறையூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஏதேனும் ஓர் இலுப்பை பூக்கும். அம்மரம் எங்கே நிற்கின்றது என்பதை வீட்டிலுள்ள பாட்டியோ பாட்டனோ அறிந்திருப்பர். வெள்ளி எழுமுன் ஒரு கூடையுடன் அங்கே செல்லும் மாணவர் முதலிற் காண்பது, தரைமுழுதும் பரவிய வெண்ணெய் நிற மணிகள். மேலே, அகவிதழ் கழன்ற பின்னும் நீண்ட சூல்தண்டு மட்டும் நூல்போற் புறவிதழினின்று தொங்கிக்கொண்டிருக்கும். அதனை நிமிர்ந்து பார்த்து வரைந்துகொள்ள ஒரு தாளும் கரிக்கோலும் உடன் கொண்டு செல்லுதல் நன்று. வெயில் ஏறினால் எறும்புகள் முந்திக்கொள்ளும்.